நிற்கத் தெரிந்த பொம்மை

பாப்பாரப்பட்டியில் என்னிடம் படித்த பையன் ஒருவர் சிறுதானியக் கடை வைத்திருக்கிறார். கேழ்வரகு, சாமை, தினை, வரகு, அவற்றின் மாவு, அவல், முறுக்கு எல்லாம் கிடைக்கும். ஆனால் தர்மபுரி மாவட்டத்தில் ராகி விற்பவரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? களி கிண்டாத வீடு இங்கே குறைவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையமே இருக்கிற ஊர். கேழ்வரகின் பெருமையை யாரும் வந்து சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"சார், கண்ணாடிக்குப் பின்னால ஒரு ஆயா திருகையில ராகி அரைக்கற மாதிரி வெக்கணும். சும்மா உக்காந்திருந்தா போதாதுங்க. கல்லு சுத்தணும், கை ஆடணும். பஸ்ல போறவங்க திரும்பிப் பாக்கணும்" என்றார்.

ஒரு வாரத்து வேலை என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அசையும் பொம்மை நமக்குப் புதிதில்லை. கல்யாண மண்டப வாசலில் கைகூப்பி, பன்னீர் தெளிக்கும் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். கோயிலில் பூசை நேரத்தில் ஆளே இல்லாமல் அடிக்கும் மேளத்தைக் கேட்டிருப்பீர்கள். அடுத்த முறை அதன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு மோட்டார், அது சுழற்றும் ஒரு தண்டு, தண்டில் ஆங்காங்கே புடைப்புகள். புடைப்பு வந்து கோலின் வாலை அழுத்தித் தூக்கும். புடைப்பு கடந்ததும் கோல் விடுபட்டு மேளத்தில் விழும். பொறியியலில் இந்தப் புடைப்புக்குக் கேம் என்று பெயர். சுழற்சியை அடியாக மாற்றுகிற வேலையை அதைவிடச் சிக்கனமாக எதுவும் செய்யாது.

இன்னும் பின்னால் போனால் திப்புவின் புலி. 1792இல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை பாராமகால் என்று பெயர் பெற்றிருந்த இந்தத் தர்மபுரிப் பகுதி திப்பு சுல்தானின் ஆளுகையில் இருந்தது. அவரிடம் ஏறக்குறைய உயிர்ப்புலி அளவில் ஒரு மரப்புலி இருந்தது. கீழே மல்லாந்து கிடக்கும் ஐரோப்பியன் ஒருவனின் கழுத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். புலியின் விலாவில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் கிடப்பவனின் கை எழுந்து எழுந்து தாழும், உள்ளே துருத்திகள் அவனை ஓலமிட வைக்கும், புலி உறுமும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது எடுத்துச்செல்லப்பட்டு, 1808 முதல் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகையில் பார்வைக்கு வைக்கப்பட்டது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் நிற்கிறது. ஒரு வகையில் அதுவும் காட்சிப்பெட்டிப் பொம்மைதான்.

கடைக்கென்றே செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பாரங்கர் ஸ்டுடியோஸ் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1950கள் வரை நகைக்கடைகளுக்காகக் குட்டி மோட்டார் பொம்மைகள் செய்து வாடகைக்கு விட்டது. கொஞ்ச நாள் ஒரு கடையில் ஆடிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். பார்த்த பொம்மையையே ஜனங்கள் எத்தனை நாள் பார்ப்பார்கள் என்கிற வியாபார ஞானம் அது.

இங்கேதான் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். விழித்திரையின் நடுவில் ஒரு சின்ன இடம்தான் எழுத்தையும் முகத்தையும் நிறத்தையும் துல்லியமாகப் பார்க்கிறது. மற்றபடி ஓரமெல்லாம் மங்கல். ஆனால் அந்த மங்கலான ஓரம் ஒன்றில் கெட்டி: ஏதாவது அசைந்தால் சொல்லிவிடும். ஓரக்கண் சொன்ன பிறகுதான் தலை திரும்புகிறது. தவளைக்கு இது இன்னும் தீவிரம். 1959இல் லெட்வின், மட்டுரானா, மெக்கல்லக், பிட்ஸ் ஆகிய நால்வர் தவளையின் பார்வை நரம்பில் மின்முனை வைத்து ஆராய்ந்து எழுதினார்கள்: அசையும் சிறு புள்ளிக்கு அந்த நரம்பு துடிக்கிறது. சுற்றிலும் ஈக்கள் கிடந்தாலும் அவை அசையாவிட்டால் தவளை பட்டினி கிடந்தே செத்துப்போகும்.

மனிதர் தவளை இல்லை. 2003இல் ஏப்ரம்ஸ், கிறிஸ்ட் என்ற இரு உளவியலாளர்கள் கண்டது நம் கடைக்கு நேராகப் பொருந்துகிறது. நம் கவனத்தை இழுப்பதில் அசைவைவிட, அசைவு தொடங்கும் அந்தக் கணத்துக்கே வலிமை அதிகம். யோசித்துப் பாருங்கள், ஓடிக்கொண்டிருக்கிற மின்விசிறியை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? கரண்டு வந்து அது சுழலத் தொடங்கும்போதுதான் எல்லோரும் பார்க்கிறோம். நாள் முழுக்க நிற்காமல் சுற்றும் பொம்மை பத்தே நிமிடத்தில் சுவரோடு சுவராகிவிடும். நின்று, திடீரென்று கிளம்பும் பொம்மைதான் ஆளைத் திருப்பும்.

ஆகவே எங்கள் ஆயா அரைக்கவேண்டும், கொஞ்சம் ஓய்வெடுக்கவேண்டும், மறுபடி அரைக்கவேண்டும். நிஜ ஆயாக்களும் அப்படித்தான்.

அடுத்தது உடம்பு. முதலில் நான் செய்த தப்பு, ஆயாவின் கைக்குள் மோட்டாரை வைத்து அவள் கல்லைச் சுற்றவைக்கலாம் என்று நினைத்தது. தோளுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று என்று மோட்டார் கூடிக்கொண்டே போனது. பிறகு ஊர்த் தையல்காரர் ஒருவரின் மிதி மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது: தலைகீழாக யோசித்திருக்கிறேன். மோட்டார் கல்லுக்கு அடியில் இருக்கட்டும். கல் சுழலட்டும். கல்லில் நட்ட மரப்பிடியில் ஆயாவின் கையைத் தளர்வாக மாட்டிவிட்டால், கல் போகிற பக்கமெல்லாம் கை போகும், கை இழுக்க முழங்கை மடங்கும், தோள் ஆடும். பார்ப்பவருக்கு ஆயா திருகையைச் சுற்றுகிறாள். உள்ளபடிக்குத் திருகைதான் ஆயாவைச் சுற்றுகிறது.

இதில் நான்கு கட்டைகள் இருக்கின்றன. கல்லின் நடுவிலிருந்து பிடி வரை ஒன்று, முன்கை ஒன்று, மேல்கை ஒன்று, தோளுக்கும் கல்லின் நடுவுக்கும் இடையே அசையாமல் இருக்கும் தூரம் ஒன்று. தையல் மிஷினிலும் இதே நான்கு உண்டு; அங்கே பாதம் ஆடினால் சக்கரம் சுழல்கிறது, இங்கே சக்கரம் சுழன்றால் கை ஆடுகிறது. ஒரு கட்டை முழு வட்டம் அடிக்கவேண்டுமென்றால், மிகச் சிறியதும் மிகப் பெரியதும் சேர்ந்த நீளம் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக்கூடாது. 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் பொறியாளர் கிராஷோஃப் பெயரால் வழங்கும் விதி இது.

விதி தெரிந்தவன்தான் நான். இருந்தும் ஆயாவைக் கல்லிலிருந்து 34 சென்டிமீட்டர் தள்ளி உட்காரவைத்துவிட்டேன், காட்சிக்கு அழகாக இருக்கிறது என்று. பிடி 6 சென்டிமீட்டர், முன்கை 20, மேல்கை 18. 6ஐயும் 34ஐயும் கூட்டினால் 40. 20ஐயும் 18ஐயும் கூட்டினால் 38. அரை வட்டம் போனதும் கை விறைத்து நீண்டது, பிடி எட்டவில்லை, கல் நின்றது, மோட்டார் உறுமியது. தோளாணி கழன்று ஆயா முகம் குப்புற விழுந்தாள். கடைக்காரரின் மகள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. 26 சென்டிமீட்டருக்கு நெருக்கி உட்காரவைத்ததும் 32க்கு 38 என்று கணக்கு சரியாகி, கை வழுக்கிக்கொண்டு போனது.

திருகை தெர்மாகோல். நிஜக் கல் வைக்கவேண்டும் என்று கடைக்காரர் ஆசைப்பட்டார், நான் விடவில்லை. சுழலும் பொருளில் எடை கூடக் கூட, அதைக் கிளப்பவும் நிறுத்தவும் பலம் அதிகம் வேண்டும். தெர்மாகோலை வட்டமாக அறுத்து, மணலும் பசையும் பூசி, சாம்பல் நிறம் அடித்தால் ஒரு முழ தூரத்தில் கருங்கல்தான். அடியில் பழைய சீலிங் ஃபேனிலிருந்து கழற்றிய பேரிங். எடையைப் பேரிங் தாங்கிக்கொள்ளும், மோட்டாருக்குச் சுற்றுகிற வேலை மட்டும்.

இப்போது மோட்டார். இங்கேதான் அதிக நாள் போனது.

ஊர் எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னது: "ஏர் கூலர் ஸ்விங் மோட்டார் போடுங்க சார். சின்னதா இருக்கும், நேரா 230 வோல்ட்ல ஓடும், கை வெச்சி நிறுத்தினாலும் எரியாது." எல்லாம் உண்மை. மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றுவதும் இதே இனம்தான். வாங்கி மாட்டினோம். நிமிடத்துக்கு 5 சுற்று, சத்தமே இல்லை. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் சாயங்காலம் சந்தைக்கு வந்த ஒரு பாட்டி கடைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏம்ப்பா, காலையில ஒரு பக்கம் சுத்தினா, இப்போ எதிர்ப்பக்கம் சுத்தறா. உங்க ஆயாவுக்கு இன்னா ஆச்சி?"

மதியம் கரண்டு போய் வந்திருக்கிறது. அதுதான் காரணம். இந்த மோட்டாரின் நடுவில் ஒரு நிலைக்காந்தம், சுற்றிலும் கம்பிச்சுருள். நம் வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வருகிறது. அதற்கேற்பச் சுருளின் காந்தப்புலமும் வடக்கு தெற்கு என்று புரண்டுகொண்டே இருக்கிறது. கவனியுங்கள், புலம் புரள்கிறதே தவிரச் சுற்றவில்லை. ஊஞ்சல் போல முன்னும் பின்னும். அந்த ஊஞ்சல் நடுக்காந்தத்தை ஒரு பக்கமாக உதைத்தால் அது அந்தப் பக்கம் ஓடத் தொடங்கி, அதிர்வோடு பூட்டிக்கொண்டு ஓடும். மறுபக்கம் உதைபட்டால் மறுபக்கம். எந்தப் பக்கம் என்பது கரண்டு வந்த கணத்தில் காந்தம் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்தது.

தையல் பழகுகிறவர்களைக் கேளுங்கள், இதை அவர்கள் அனுபவித்திருப்பார்கள். மிதியை மட்டும் அமுக்கிக் கிளப்பினால் சக்கரம் சில சமயம் பின்னோக்கி ஓடி நூல் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் தையல்காரர் முதலில் கையால் சக்கரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு மிதிக்கிறார். கூலர் மோட்டாருக்கு அப்படித் தட்டிவிட ஆள் இல்லை. கூலரின் தடுப்பு இறகுக்கும் மைக்ரோவேவ் தட்டுக்கும் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான். ஆயாவுக்கு அப்படி இல்லை. அதிர்வோடு பூட்டிக்கொள்ளும் இந்தக் குணத்தால் இன்னொரு விசித்திரமும் உண்டு: இங்கே 5 சுற்று போகும் மோட்டார், 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும் அமெரிக்காவில் 6 சுற்று போகும்.

திசைக்காக மட்டும் அதைக் கழற்றவில்லை. காட்சிப்பெட்டிக்குள், துணி கட்டிய பொம்மைக்கு அடியில், அலுமினியச் சட்டத்தை ஒட்டி 230 வோல்ட் ஓடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் 12 வோல்ட் நேர்மின்னோட்ட கியர் மோட்டாருக்கு மாறினோம். கல்லூரி மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு வாங்குவார்களே, அது. இரண்டு கம்பியையும் ஒருமுறை சரியாக இணைத்துவிட்டால் ஆயுசுக்கும் ஒரே திசை. 12 வோல்ட் உலர்ந்த கையில் பட்டால் ஒன்றும் செய்யாது. கார் பேட்டரியைத் தொட்டவர்களுக்குத் தெரியும்.

ஆனால் 12 வோல்ட் என்றதும் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கவேண்டாம். ஷாக் அடிக்காது என்பது மட்டுமே அதன் பொருள்.

கியர் மோட்டாரின் உள்ளே இருக்கும் குட்டி மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும். பற்சக்கரங்கள் அதை 300 மடங்கு குறைத்து 10 சுற்றாக வெளியே தருகின்றன. வேகம் போனது எங்கே போகும்? உராய்வுக்குப் போனது போக மீதி, முறுக்கு விசையாக வந்து சேரும். மெதுவாகச் சுற்றுகிறதே, சாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கரும்புச்சாறு மிஷினைப் பாருங்கள். அதன் உருளை எவ்வளவு நிதானமாகச் சுற்றுகிறது! கரும்பைச் சக்கையாக்கும் அதே நிதானத்தில் விரலையும் உள்ளே இழுக்கும். நிதானமாகச் சுற்றுகிற இயந்திரத்திடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

நாங்கள் வாங்கிய மோட்டாரின் மேல் 10 கிலோகிராம்-சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. அச்சிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரத்தில் 10 கிலோ எடையைத் தூக்கும் என்று பொருள். 10 சென்டிமீட்டரில் 1 கிலோ. கல்லின் விளிம்பைப் பிடித்தால் லேசாக இழுக்கும், அச்சுக்குப் பக்கத்தில் விரல் போனால் நசுக்கும். ஆயாவுக்கு இவ்வளவு பலம் தேவையா? கடையில் இருந்த சுருள் தராசை மரப்பிடியில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். 80 கிராம் காட்டும்போதே கல் சுழன்றது. 6 சென்டிமீட்டரில் 80 கிராம் என்றால் அரை கிலோகிராம்-சென்டிமீட்டர்கூட இல்லை. வேண்டியதைப் போல 20 மடங்கு பலம் அந்த மோட்டாரில் இருக்கிறது. அந்த மிச்சம்தான் விரலை நசுக்குவதும், துணியைச் சுருட்டுவதும், கியரின் பல்லை முறிப்பதும்.

சிறிய மோட்டார் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம், அது ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும். பலமான மோட்டாரை வைத்துக்கொண்டு அதன் பலத்தைக் கல்லுக்குப் போகவிடாமல் பிடித்துக்கொள்வது நல்லது. அதற்கு நாங்கள் செய்தது இதுதான். மோட்டார் அச்சில் உள்ளங்கை அகல இரும்புத் தட்டு ஒன்று. அதன்மேல் பழைய கம்பளியில் வெட்டிய வட்டம். அதன்மேல் கல்லின் அடிப்பலகை. எல்லாவற்றையும் ஒரு ஸ்பிரிங் மேலிருந்து அழுத்துகிறது. ஸ்பிரிங்கின் தலையில் ஒரு நட்டு. தட்டுக்கும் பலகைக்கும் நடுவே கம்பளியின் உராய்வு ஒன்றைத் தவிர வேறு பிணைப்பே கிடையாது. நட்டை இறுக்கினால் பிடிப்பு கூடும், தளர்த்தினால் குறையும். தராசை மறுபடி மாட்டி, 200 கிராமுக்கு மேல் இழுத்தால் வழுக்கும்படி வைத்தோம். இப்போது ஒரு குழந்தை கல்லைப் பிடித்துக்கொண்டால் கல் நின்றுவிடும். அடியில் மோட்டார் தன்பாட்டுக்குக் கம்பளியைத் தேய்த்துக்கொண்டு சுற்றும். விட்டால் கல் மறுபடி கிளம்பும்.

இது மோட்டாரையும் காப்பாற்றுகிறது. நேர்மின்னோட்ட மோட்டார் சுழலும்போது அதுவே ஒரு சின்ன ஜெனரேட்டராகவும் வேலை செய்து, வருகிற மின்சாரத்துக்கு எதிர் அழுத்தம் கொடுக்கிறது. சுழலும் வரைதான் அந்த எதிர்ப்பு. பிடித்து நிறுத்திவிட்டால் எதிர்ப்பு போய், மின்சாரம் தடையில்லாமல் பாயும். சுருளின் தடை 8 ஓம் என்றால் நின்ற மோட்டாரில் 1.5 ஆம்பியர், ஓடும்போது 0.2தான் எடுத்திருக்கும். கட்டைவிரல் அளவு மோட்டாருக்குள் 18 வாட் சூடு. கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் வாசனை வரும். இதற்காகவே 12 வோல்ட் வழியில் மெதுவாக உருகும் வகை ஃபியூஸ் ஒன்று, அரை ஆம்பியரில் போட்டோம். மெதுவாக உருகும் வகை எதற்கென்றால், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஒரு கணம் இதே அளவு மின்சாரம் பாயும். அதற்கெல்லாம் ஃபியூஸ் போனால் கடைக்காரர் கம்பி சுற்றிவிடுவார். கம்பி சுற்றிய ஃபியூஸ்கள் எத்தனை கடையை எரித்திருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

இடைவெளிகளுக்கும் கணக்கு உண்டு. நசுங்காமல் இருக்க, அசையும் இரண்டு பாகங்களுக்கு நடுவே விரலுக்குக் குறைந்தது 25 மில்லிமீட்டர், கைக்கு 100 மில்லிமீட்டர் விடவேண்டும் என்கிறது இயந்திரப் பாதுகாப்புக்கான உலகத் தரம். இல்லையென்றால் விரல்நுனியே நுழையாதபடி 4 மில்லிமீட்டருக்குள் அடைத்துவிடவேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஆகாது. எங்கள் மேல்கல்லுக்கும் கீழ்க்கல்லுக்கும் 12 மில்லிமீட்டர் இருந்தது. 3க்கு இறக்கினோம். தெருவில் நிற்பவரைக் கண்ணாடி காக்கும், சரி. பெட்டியின் பின்பக்கம் கடைக்குள் திறந்திருக்கிறதே? அங்கேதான் கடைக்காரரின் மகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

ஆயாவின் புடவைத் தலைப்பு காற்றில் ஆடினால் அழகாக இருக்கும் என்றார்கள். ஊசி நூல் எடுத்து உடம்போடு தைத்துவிட்டேன். பைக் சக்கரத்தில் துப்பட்டா சிக்குவதை ஒருமுறை பார்த்தவர்கள் சுழலும் அச்சுக்குப் பக்கத்தில் தொங்கும் துணியை விடமாட்டார்கள்.

வெயில் பற்றிச் சொல்லவேண்டும். கடை மேற்குப் பார்த்தது. கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விடும். உள்ளே சூடான பொருள்கள் திருப்பி அனுப்பும் நீண்ட அலை அகச்சிவப்பை வெளியே விடாது. மதியம் மூன்று மணிக்கு அந்தப் பெட்டிக்குள் கை வைத்தால் பேக்கரி அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். மின்காப்புப் பொருள்களின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மோட்டார்காரர்களின் பழைய கணக்கு. பெட்டியின் மேலும் கீழும் காற்றுத் துளை வைத்து, 12 வோல்ட் தரும் அடாப்டரைப் பெட்டிக்கு வெளியே, மாவு மூட்டை அண்டாத இடத்தில் மாட்டினோம். ஹாலஜன் விளக்கு வேண்டவே வேண்டாம். தெர்மாகோல் 100 டிகிரிக்கு முன்பே இளகும், பற்றினால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். வெளிச்சத்துக்கு 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை.

கல்லிலிருந்து நிஜ மாவு கொட்டவேண்டும் என்பதும் ஒரு ஆசை. மறுத்துவிட்டேன். மாவு கியரின் கிரீஸில் கலந்தால் களியாகிவிடும், அந்தக் களி ஒருத்தருக்கும் உதவாது. காற்றில் பறக்கும் நுண்மாவு தீப்பிடிக்கும் பொருளும்கூட. நாங்கள் போட்டது போன்ற பிரஷ் மோட்டாரில் எப்போதும் சின்னச் சின்னப் பொறி உண்டு. பசையில் குழைத்து அட்டையில் ஒட்டிய மாவே போதும். தானியக் கடை என்பதால் எலி வேறு. எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், அதைத் தேய்க்க எதையாவது கொறித்தாகவேண்டும். வயர் தோல் அதற்குப் பிடித்தமானது. எல்லாக் கம்பியும் பி.வி.சி. குழாய்க்குள். அலுமினியச் சட்டத்தில் கம்பி நுழையும் துளையில் ரப்பர் வளையம். அது இல்லாவிட்டால் ஷட்டர் ஏற்றி இறக்கும் அதிர்வில் சட்டத்தின் கூர்மையே நாளடைவில் தோலை அறுத்துவிடும்.

அடாப்டருக்கு வரும் வழியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்தோம். "எம்.சி.பி. இருக்கே சார்" என்றார் கடைக்காரர். எம்.சி.பி. வயரைக் காப்பாற்ற. ஆளைக் காப்பாற்ற அது வராது. பழைய 60 வாட் குண்டு பல்பு எடுப்பது 0.26 ஆம்பியர். அதில் ஒன்பதில் ஒரு பங்கு உடம்பு வழியே பாய்ந்து நிலைத்தாலே இதயம் தாளம் தப்பலாம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது கொசுக்கடி. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே வெட்டிவிடுவதுதான் ஆர்.சி.சி.பி. செய்யும் வேலை.

கடைசியாக நிற்பதும் கிளம்புவதும். ஆள் வரும்போது மட்டும் ஆயா அரைத்தால் எப்படி இருக்கும் என்று, தானியங்கி விளக்குகளில் வரும் ஆள் உணரியை வாங்கிக் கண்ணாடிக்கு உள்பக்கம் மாட்டினேன். தெருவில் ஊர்வலமே போனாலும் அது கண்டுகொள்ளவில்லை. அரை நாள் தலையைச் சொறிந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. மதிய வெயிலைப் பற்றி நானே பாடம் நடத்தியிருந்தேனே! அந்த உணரி பார்ப்பது நம் உடம்பு வெளியிடும் 10 மைக்ரோமீட்டர் அளவிலான அகச்சிவப்பை. நமக்குத் தெளிவாகத் தெரியும் கண்ணாடி அந்த அலைக்குச் செங்கல் சுவர். வெளியே மாட்டினால் வேலை செய்யும். ஆனால் தெரு நாய்க்கும் ஆயா அரைப்பாள். முந்நூறு ரூபாய்க்குள் ஒரு 12 வோல்ட் டைமர் ரிலே வாங்கி 20 நொடி ஓட்டம், 40 நொடி ஓய்வு என்று வைத்ததோடு சரி. கடை 12 மணி நேரம் திறந்திருந்தால் மோட்டார் ஓடுவது 4 மணி நேரம்தான். பிரஷ் தேய்வது மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது, சூடு ஆறுகிறது. மோட்டாருக்கு மாதம் 1 யூனிட்கூட ஆவதில்லை.

இரவு ஷட்டர் இறக்கும் முன் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவது என்று பேச்சு. சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்கவேண்டும்.

காலையில் கடை திறந்ததும் கடைக்காரர் ஆயாவின் திருகையை இரண்டு விரலால் பிடித்துப் பார்க்கிறார். கல் நிற்கவேண்டும், மோட்டார் சத்தம் மாறாமல் கேட்கவேண்டும். உங்கள் கடையிலும் மோட்டார் வைத்த பொம்மை ஏதாவது இருந்தால் இன்று ஒருமுறை ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் அச்சையும் கியரையும் பாருங்கள். விரல் நுழையும் இடத்தை மூடுங்கள். பிறகு ஓடவிட்டு, விளிம்பை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். நிற்கவில்லையென்றால், நிற்கும்படி செய்யும்வரை அதை ஓட்டாதீர்கள்.